மேகக் கிடங்குக் கோப்புறையை இடம் மாற்றுதல்: லினக்ஸ் கணினியில் நேரும் இடர்களும் அவற்றின் நிவர்த்தியும்

கிராமத்தின் ஏடுகள் இன்று மர அலமாரியில் மட்டும் இருப்பதில்லை. உழவர் குழுவின் வரவு செலவுக் கணக்கு, உறுப்பினர்களின் பட்டா நகல்கள், பயிர்ச் சேதத்தைக் காட்டும் புகைப்படங்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் ஆகிய யாவும் கணினியில் ஒரு கோப்புறையில் கிடக்கின்றன. அக்கோப்புறை இணையத்தின் வாயிலாக வெளியூர்ச் சேமிப்புக் கிடங்கு ஒன்றுடன் இணைக்கப்பட்டிருக்கும். இங்கே எழுதப்படும் ஒவ்வொன்றும் அங்கே சென்று சேரும். குழுவின் செயலாளர், பொருளாளர் ஆகியோரின் கணினிகளிலும் அவ்வாறே தோன்றும். இதனையே மேகக் கிடங்கு என்றும் ஒத்திசைவு என்றும் வழங்குகின்றனர்.

இதன் அருமையை நம் மாவட்டத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். வீட்டில் நீர் புகுங்கால் மக்கள் உயிரைக் காப்பதா, பெட்டியிலுள்ள பத்திரத்தைக் காப்பதா? அத்தகைய நேரத்தில் வெளியூர்க் கிடங்கிலுள்ள நகல் ஒன்றே கைகொடுக்கும். ஆயினும் புயல் செய்யாத சேதத்தை, கோப்புறையைத் தவறான முறையில் இடம்பெயர்த்த ஒரு விரல் செய்துவிடக் கூடும். அதைத் தவிர்க்கும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

இடம் மாற்றும் தேவை எவ்வாறு எழுகின்றது?

தமிழ்நாட்டில் லினக்ஸ் புதிதன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் வகையினை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கியது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கிய கணினிகளிலும் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. இவ்வகைக் கணினிகளில் வன்தட்டு இரு கூறாகப் பிரிக்கப்பட்டிருக்கும். லினக்சுக்கு ஒதுக்கிய கூறு சிறிதாயின், புகைப்படங்கள் பெருகப் பெருக அது நிரம்பிவிடும்.

கிரிவலப் பாதையில் மலையின் மேற்புறத்தே அமைந்த அடி அண்ணாமலையில் இத்தகைய கணினியுடன் உழவர் குழு ஒன்று இயங்குவதாகக் கொள்வோம். கோப்புறையைப் புதிதாய் வாங்கிய வெளிவட்டுக்கு மாற்ற அவர்கள் எண்ணுகின்றனர். சுட்டியால் இழுத்து அங்கே விட்டால் போதாதா என்பர். போதாது. காரணத்தை அறிந்துகொண்டால் பின்வரும் முறைகளெல்லாம் தாமே விளங்கும்.

ஒத்திசைவு மென்பொருளின் உட்பதிவேடு

ஒத்திசைவு மென்பொருள் கணினியிலுள்ள கோப்புறையையும் கிடங்கிலுள்ள கோப்புறையையும் மட்டும் ஒப்பிடுவதன்று. சென்ற முறை எவையெவை இருந்தன என்பதைக் குறித்துவைத்த பதிவேடு ஒன்றும் அதனிடம் உண்டு. பழைய கர்ணம் அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு வயலைப் பார்வையிட்டது போன்றதே இதன் வேலை. (கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது, அடங்கல் இன்றும் உள்ளது.)

கிடங்கில் ஒரு கோப்பு உள்ளது, கணினியில் இல்லை எனக் கொள்வோம். பதிவேட்டில் அதன் பெயர் இல்லையாயின், ‘இது புதிய வரவு, இறக்கிக்கொள்க’ என்று மென்பொருள் முடிவு செய்யும். பதிவேட்டில் பெயர் இருப்பின், ‘நேற்று இருந்தது, இன்று இல்லை, ஆகவே உரியவர் அழித்துவிட்டார்’ என்று முடிவு செய்து கிடங்கிலும் அழித்துவிடும். கிடங்கில் அழிந்தது, இணைந்துள்ள ஏனைய கணினிகளிலும் அழியும். மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளிருக்கும் கோப்புகளை நாம் வெளியே இழுத்தால் நேர்வது இதுவே. நாம் கருதியது இடமாற்றம். அது கண்டது அழிப்பு.

முழுக் கோப்புறையையும் காணாவிடில் டிராப்பாக்ஸ் போன்றவை கோப்புறை காணவில்லை என்று அறிவித்து நின்றுவிடும். வேறு சில, எல்லாவற்றையும் அழிக்கலாமா என வினவும். இக்கேள்வி எல்லாப் பதிப்புகளிலும் எழும் என்று நம்பியிருத்தல் ஆகாது. அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்துவோரும் உளர்.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படும். ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. ஒத்திசைவு தவற்றையும் ஒத்திசைக்கும். ஆதலின் இடம் மாற்றுமுன், கிடங்குடன் தொடர்பில்லாத வட்டொன்றில் முழு நகல் எடுத்தல் இன்றியமையாதது.

மாற்றும் முறை

முதற்கண் எல்லாக் கோப்புகளும் கிடங்கைச் சென்றடைந்தன என்னும் அறிவிப்பு வரும்வரை காத்திருத்தல் வேண்டும். பாதி ஏறிய நிலையில் கைவைப்பது பெரும்பாலான தொல்லைகளுக்கு வித்து. பௌர்ணமி நாளிலும் தீபத் திருநாளிலும் இவ்வேலையைத் தொடங்காதிருத்தல் நன்று. கிரிவலம் வரும் இலட்சக்கணக்கானோரின் கைப்பேசிகள் ஒருங்கே இயங்கும் நேரத்தில் இணையம் தளர்ந்திருத்தல் இயல்பே.

டிராப்பாக்ஸ் உபயோகிப்போர்க்கு வழி எளிது. அதன் விருப்பத்தேர்வுகளில் ஒத்திசைவு என்னும் பகுதியில் கோப்புறை இருக்குமிடத்தை மாற்றும் வசதி உண்டு. அதன் வழியே சென்றால் மென்பொருளே கோப்புகளைப் பெயர்த்து, தன் பதிவேட்டையும் திருத்திக்கொள்ளும். புதிய இடத்தில் தன் பெயரிலேயே ஒரு கோப்புறையையும் அது உருவாக்கும். எனவே அதன் தாய்க் கோப்புறையைத் தேர்ந்தெடுத்தல் போதும். முன்னதாகவே அப்பெயரில் ஒன்றை உண்டாக்கி வைத்தால் ஒன்றினுள் ஒன்றாய் இரண்டு அமையும்.

நெக்ஸ்ட்கிளவுட் உபயோகிப்போர் சற்று உழைக்க வேண்டும். ஒத்திசைவு முற்றுப்பெற்றபின், அமைப்புகளில் அக்கோப்புறையின் ஒத்திசைவு இணைப்பை நீக்குக. இணைப்பு நீங்குவதால் கோப்புகள் அழியா. பின்னர்க் கோப்புகளைப் புதிய இடத்திற்கு நகலெடுத்து, அவ்விடத்தைக் காட்டிப் புதிய இணைப்பை ஏற்படுத்துக. உள்ளவற்றை அழித்துப் புதிதாகத் தொடங்கலாமா என வினா எழுந்தால் வேண்டாமென்க.

நகலெடுக்கும் வகையில்தான் பலரும் இடறுகின்றனர். சாதாரண நகலில் ஒவ்வொரு கோப்பின் தேதியும் இன்றைய தேதியாக மாறிவிடக் கூடும். புதிய இணைப்பில் பழைய பதிவேடு இராது. மென்பொருள் அளவையும் தேதியையும் கொண்டே இரண்டும் ஒன்றா என்று தீர்மானிக்கும். தேதி வேறுபட்டால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க முற்படும். ‘முரண்பட்ட நகல்’ என்னும் பெயரில் இரட்டைக் கோப்புகளும் பெருகும். ஆகவே முனையத்தில் ‘ஆர்சிங்க்’ என்னும் கட்டளையை ‘ஏ’ குறியுடன் வழங்குதல் வேண்டும். அது தேதியையும் உரிமையையும் மாறாமல் காக்கும். மின்தடையால் நடுவில் நின்றாலும் மீண்டும் அதே கட்டளையை இட்டால் விட்ட கோப்பிலிருந்து தொடரும். மூலக் கோப்புறைப் பெயரின் ஈற்றில் சாய்கோடு இட்டால் உள்ளடக்கம் மட்டும் செல்லும். இடாவிடில் கோப்புறையே சென்று அமரும். இச்சிறு கோட்டால் நேரும் குழப்பம் சிறிதன்று.

இணைப்பு நீங்கியிருக்கும் இடைவேளையைக் குறுக்குதல் நலம். அவ்வேளையில் பொருளாளர் தம் கணினியில் ஒரு பழைய கோப்பை அழித்தால், நம் நகலில் அது எஞ்சியிருக்கும். பதிவேடில்லாத மென்பொருள் அதனைப் புதியதெனக் கருதிக் கிடங்கில் ஏற்றும். அழித்தது மீண்டும் முளைக்கும். அன்று ஒருவரும் கோப்புகளைத் தொட வேண்டாமெனக் குழுவினர்க்கு முன்கூட்டியே அறிவித்தல் போதும்.

மாற்றிய பின் ஒத்திசைவு நின்றால்

வட்டின் கோப்பு முறைமையை முதலிற் காண்க. கடையில் வாங்கும் வெளிவட்டுகள் பெரும்பாலும் விண்டோசுக்கு ஏற்ற என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறைமையில் வருகின்றன. 2018ஆம் ஆண்டு நவம்பர் முதல் லினக்சில் இ.எக்ஸ்.டி.4 தவிர்த்த பிற முறைமைகளை ஏற்பதில்லை என டிராப்பாக்ஸ் நிறுவனம் அறிவித்தது. கோப்புடன் ஒட்டியிருக்கும் கூடுதல் குறிப்புகளைச் சீராக வைக்கவல்ல முறைமை வேண்டும் என்பது அவர்தம் காரணம். எதிர்ப்பு எழவே, 2019ஆம் ஆண்டு ஜூலையில் எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் முதலிய சிலவற்றுக்கு மீண்டும் இடமளித்தனர். என்டிஎஃப்எஸ் அவற்றுள் இல்லை. ‘டிஎஃப்’ கட்டளையைப் பெரிய எழுத்து ‘டி’ குறியுடன் இட்டால் எந்த வட்டு எம்முறைமையில் உள்ளது என்பதும், எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது என்பதும் ஒருங்கே தெரியும். முறைமையை மாற்ற வட்டினைப் புதிதாய் வடிவமைக்க வேண்டும். அவ்வாறு செய்தால் அதிலுள்ள யாவும் அழியும். வட்டு வெறுமையாக இருக்கும்போதே இதனைச் செய்துவிடுதல் அறிவுடைமை.

இரண்டாவது இடர் சற்று நுட்பமானது. வெளிவட்டு, கணினி தொடங்கியவுடன் தானே இணைந்துவிடும் என்பதில்லை. பல கணினிகளில் அதன் படத்தைச் சொடுக்கிய பின்னரே இணைகின்றது. அதற்குள் ஒத்திசைவு மென்பொருள் எழுந்து தன் கோப்புறையைத் தேடும். காணாவிடில் பிழையறிவிப்புடன் நிற்கும். இது நல்ல விளைவு. தீய விளைவும் உண்டு. வட்டு இணையும் இடத்தில் வெற்றுக் கோப்பகம் நிலையாக இருப்பின், அதனையே புதிய இருப்பிடம் எனக் கொண்டு எல்லாவற்றையும் சிறிய உள்தட்டில் இறக்கத் தொடங்கலாம். பின்னர் வட்டினை இணைத்ததும் அவை அதன் அடியில் மறைந்துபோகும். இடம் நிரம்பியிருக்கும், நிரப்பியவை எவை என்று கண்ணுக்குத் தெரியா. ஏரி நிரம்பியபின் அடியிலுள்ள பழைய கிணறு தெரியாதது போலாம். மென்பொருளை நிறுத்தி, வட்டினை விடுவித்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

இதற்கு நிவர்த்தி, ‘எஃப்எஸ்டேப்’ என்னும் அமைப்புக் கோப்பில் வட்டின் தனி அடையாள எண்ணைக் குறித்து, கணினி தொடங்கும்போதே அது இணையுமாறு செய்தலாகும். வட்டு இல்லாவிடினும் கணினி தொடங்குதற்குரிய ‘நோஃபெயில்’ என்னும் சொல்லையும் அவ்வரியில் சேர்த்தல் வேண்டும்; இல்லையேல் வட்டினை வீட்டில் மறந்து வந்த அன்று கணினியே முழுமையாக எழாது. வெற்றுக் கோப்பகத்தின் உரிமையை நிர்வாகிக் கணக்கிடம் விட்டுவைத்தால், வட்டு இணையாதபோது வேறெவரும் அங்கு எழுத இயலாது. மடைக்குக் கதவு போடுவது போன்ற இச்சிறு ஏற்பாட்டை நாம் பெரிதும் பரிந்துரைக்கின்றோம்.

உரிமைப் பிழையும் அடிக்கடி நேர்வதே. நிர்வாகி அதிகாரத்துடன் நகலெடுக்கும்போது புதிய கோப்புறை நிர்வாகியின் பெயரில் அமைந்துவிடுவதுண்டு. சாதாரணக் கணக்கில் இயங்கும் மென்பொருளால் அதில் எழுத இயலாது. ‘சிஹெச்ஓன்’ கட்டளையால் உரிமையை உரியவர்க்கு மாற்றினால் தொல்லை தீரும்.

பல்லாயிரம் உட்கோப்புறைகள் இருப்பின், மாற்றங்களைக் கண்காணிக்க லினக்ஸ் அனுமதிக்கும் எண்ணிக்கை போதாமற் போகலாம். பழைய கெர்னல்களில் இவ்வரம்பு 8192 என்றே இருந்தது. முழுக் கோப்புறையையும் கண்காணிக்க இயலவில்லை என்னும் அறிவிப்பு வந்தால் இவ்வரம்பை உயர்த்துதல் வேண்டும். குறுக்குவழி இணைப்பால் வெளியிலுள்ள கோப்புறையை உள்ளே காட்டுதல் டிராப்பாக்சில் 2019ஆம் ஆண்டுக்குப் பின் பயன்படாது. இணைப்பு மட்டும் செல்லும், உள்ளடக்கம் செல்லாது.

இவற்றையெல்லாம்விட மனிதரால் நேரும் இடரே மிகுதி. கோப்புறை மாறிவிட்டது, கணக்கெழுதுபவரோ லிப்ரேஆஃபீசில் அண்மையில் திறந்தவை என்னும் பட்டியலிலிருந்து பழைய இடத்துக் கணக்கையே திறந்து எழுதிக்கொண்டிருப்பார். திங்கள் ஒன்று கழிந்தபின் இரு கணக்குகளும் ஒவ்வா. பாலுக்குப் பணம் பெற வேண்டிய உறுப்பினர் பெயர் ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இராது. இதனைத் தடுக்க, மாற்றம் முடிந்ததும் பழைய கோப்புறையின் பெயரைப் ‘பழையது, எழுதற்க’ என்று மாற்றிவிடுக. பழைய வழியில் திறக்க முயன்றால் கோப்பு இல்லையென்று கணினியே மறுத்துவிடும்.

தவறு நேர்ந்துவிட்டால்

கோப்புகள் மறைவதைக் கண்டவுடன் எல்லாக் கணினிகளிலும் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். அழிப்பு இன்னும் எட்டாத கணினி ஒன்றிருப்பின், அதிலுள்ள நகலைத் தனி வட்டுக்கு எடுத்துக்கொள்க. அடுத்து, உலாவியின் வழியே கிடங்கினுட் சென்று அழிக்கப்பட்டவை என்னும் பகுதியைக் காண்க. டிராப்பாக்சின் கட்டணமில்லாக் கணக்கில் 30 நாள்கள் வரை அவற்றை மீட்கலாம். நெக்ஸ்ட்கிளவுடில் குப்பைத்தொட்டியின் கால அளவு அதனை நடத்துவோரின் ஏற்பாட்டைப் பொறுத்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளல் வேண்டும். மாதம் ஒரு முறை மட்டும் கணினியைத் திறக்கும் குழுக்களுக்கு இக்கெடு மிகக் குறுகியது என்பதை மறத்தலாகாது.

மாற்றம் செவ்வனே முடிந்ததா என அறிய, புதிய இடத்தில் சிறு கோப்பொன்றை எழுதி அது பொருளாளர் கணினியில் தோன்றுகின்றதா என்று காண்க. அவர் அதில் ஒரு வரி சேர்க்கட்டும். அது இங்கு வருகின்றதா என்று நோக்குக. பின்னர்க் கணினியை ஒரு முறை அணைத்து எழுப்பி, வட்டு தானே இணைந்து ஒத்திசைவு தொடர்கின்றதா என்பதையும் சோதிக்க. இம்மூன்றும் சரியாயின், பழைய கோப்புறையை மேலும் ஒரு திங்கள் வைத்திருந்து, அடுத்த கூட்டத்தில் கணக்கை ஒப்புநோக்கிய பின்னர் நீக்கலாம்.