ஒளியை வைத்து ஒரு ஸ்கேன்

வயிற்றை ஸ்கேன் எடுப்பது எப்படி? ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறார்கள். அதையே ஒளியால் செய்தால் இன்னும் நுணுக்கமாகத் தெரியுமே! ஆனால் ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கடக்க அதற்கு ஆகும் நேரம்? ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடி முப்பதாகப் பிரிக்கணும். எந்த ஸ்டாப் வாட்ச் இதை அளக்கும்?

அளக்கவே இல்லை! அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றதைச் சமதள ஆடிக்கும் அனுப்பினார்கள். இரண்டும் ஓடிய தூரம் ஏறக்குறைய சமமானால் மட்டுமே குறுக்கீட்டு விளைவு தோன்றும் (பிளஸ் டூ அக்காக்களைக் கேளுங்கள்). ஆடியை நகர்த்த நகர, ஒவ்வொரு ஆழமாகத் தெரியும். 1991-ல் அமெரிக்காவில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ குழுவினர் வெளியிட்ட இந்த முறையின் பெயர் ஓ.சி.டி. இப்போதைய கருவிகளில் ஆடி நகர்வதில்லை. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் கணினியே ஆழத்தைக் கணக்கிடுகிறது.

எங்க ஆச்சிக்குச் சர்க்கரை நோய். "எழுத்தெல்லாம் நெளியுதுடா" என்றார். கண் மருத்துவமனையில் தாடையை வைத்து உட்கார்ந்ததுதான்; சில நொடியில் படம் வந்துவிட்டது. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள விழித்திரை, அடுக்கு அடுக்காக! நடுவே கறுப்பாக நீர் கோத்த பைகள். கண்ணில் ஊசி என்றதும் மறுத்த ஆச்சி, படத்தைப் பார்த்த பிறகு சரி என்றார். அடுத்த மாதப் படத்தில் வீக்கம் குறைந்திருந்தது. எத்தனை மைக்ரான் என்பதுகூட எண்ணாக அச்சாகி வந்தது.