பெயர்ப் பலகை யாருடையது?

சென்ற நோன்பு மாதத்தின் கடைசிப் பத்தில், கைலியும் தொப்பியும் அத்தரும் ஓயாமல் விற்கும் வேளையில், இணையத்தில் நாம் ஐந்தாண்டுகளாக நடத்தி வந்த கடைப் பக்கம் திடீரெனப் பூட்டப்பட்டு விட்டது. காரணம் கேட்டு எழுதினோம். இயந்திரம்தான் பதில் தந்தது. எத்தனை முறை எழுதினாலும் அதே பதிலைத் தந்தது. பத்தொன்பதாம் நாள் பக்கம் தானாகவே திறந்து கொண்டது. அதற்குள் பெருநாள் போய்விட்டது. அது எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அதனால் நாம் படித்த பாடத்தை வியாபாரச் சகோதரர்களுக்கு எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

நாம் இருப்பது வாடகைக் கடை. கட்டடக்காரர் காலி செய்யச் சொன்னால், பெயர்ப் பலகையைக் கழற்றிக் கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விடலாம். வாடிக்கைக்காரர் பலகையைப் பார்த்து வந்து சேருவார். இணையப் பக்கத்திலோ பலகையும் அவர்களுடையது, வாடிக்கைக்காரரின் விலாசங்களும் அவர்களுடையவை. சரக்கு மட்டுமே நம்முடையது!

தொலைபேசி எண்ணும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. கம்பெனியை மாற்றினால் எண்ணும் போய்விடும். 2008இல் மலேசியாவில் எண்ணை வைத்துக் கொண்டே கம்பெனியை மாற்றிக் கொள்ளும் வழி வந்தது. நமது பேச்சின் சாரம் இதுவே: எண் நம்மோடு வருகிறது, பக்கம் வருவதில்லை.

இதற்கு மாற்று உண்டா? உண்டு, அதுவும் பழைய மாற்று. மின்னஞ்சலைப் பாருங்கள். 1971இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கர் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் அனுப்பினார். ஆளின் பெயரையும் இடத்தின் பெயரையும் பிரிக்க 'அட்' குறியை வைத்தவரும் அவரே. மின்னஞ்சலுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. உலகெங்கும் தனித்தனித் தபால் நிலையங்கள். ஒரே விதிப்படி கடிதத்தை வாங்கிக் கொடுக்கின்றன. நாம் ஒரு கம்பெனியிலும் நமது கொள்முதல்காரர் வேறொரு கம்பெனியிலும் இருந்தாலும் கடிதம் போய்ச் சேரும். இவ்வாறு அமைந்ததையே பரவலான வலை என்கிறோம். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் ஒருங்கே நின்று போயின. மூன்றும் ஒரே வீட்டார். அவ்வீட்டுப் பராமரிப்பு வேலையில் நேர்ந்த பிழை. அன்று வாட்ஸ்அப்பில் மட்டுமே ஆர்டர் எடுத்தவர்கள் கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்தார்கள்.

மின்னஞ்சலைப் போலவே சமூக வலையையும் பரவலாக்க முடியும் என்று காட்டியது மாஸ்டடான். 2016இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ தொடங்கியது. அதில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனி உடைமையாளர். ஆயினும் ஒன்றோடொன்று பேசிக் கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயரும்போது நம்மைப் பின்தொடர்பவர்களையும் கூட்டிப் போகலாம். ஆனால் பழைய எழுத்துகள் கூட வாரா. பழைய நிலையம் ஒரே இரவில் மூடிப் போனாலோ ஆட்களைக் கூட்டிப் போகவும் வழியில்லை. குறையை மறைத்துச் சரக்கு விற்பது நமக்கு ஆகாது, ஆகையால் சொல்லி விட்டோம்.

2022 ஜூலையில் உலகளாவிய வலைச் சங்கம் இன்னொரு முறைக்கு ஒப்புதல் தந்தது. அதில் அடையாளத்தை வழங்க ஒரு கம்பெனி தேவையில்லை. முத்திரை மோதிரம் போல ஓர் இரகசியச் சாவி நம்மிடம் இருக்கும். அதனால் இட்ட முத்திரை மெய்யா என்பதை எவரும் சரிபார்க்கலாம். நல்லதுதான். சாவி தொலைந்தால்? மாற்று ஏற்பாடு முன்கூட்டிச் செய்து வைக்காதவருக்கு வேறு சாவி செய்து தர ஆளில்லை. பெட்டியடிச் சாவியையே வாரம் ஒரு முறை தேடுகிற நாம் இதில் அவசரப்பட வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.

இன்றைக்கு நம் கைக்கு எட்டுவது சொந்த வலைப்பெயர். டாட் காம், டாட் மை என்று முடியும் பெயரைப் பதிந்து, அதன் பேரிலேயே மின்னஞ்சலும் வைத்துக் கொள்ளலாம். தபால் வேலை பார்க்கும் கம்பெனியை மாற்றினாலும் விலாசம் மாறாது. இதுவும் முழு உடைமையன்று. ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் பெயர் கைவிட்டுப் போகும்.

அதைவிடப் பெரிய வினை, யார் பேரில் பதிவு என்பது. நமது வலைப்பெயரை எடுத்துக் கொடுத்த பையன் தன் பேரிலேயே பதிந்து வைத்திருந்தான். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. அவனுக்கு அது சுலபம், நமக்குக் கேட்கத் தெரியவில்லை. கடனுக்கு எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்று மதரஸாவில் ஓதிய நாம், கடையின் பெயரையே எழுத்தில்லாமல் விட்டிருந்தோம். பையன் ஆஸ்திரேலியாவில் வேலைக்குப் போய்விட்டான். அவனைப் பிடித்து, பதிவை நம் பேருக்கு மாற்ற இரண்டு மாதம் ஆயிற்று. சகோதரர்கள் இன்றே தங்கள் பையன்களைக் கேட்டுப் பார்க்கவும்.

பூட்டித் திறந்த அந்தப் பக்கத்தை நாம் விட்டுவிடவில்லை. கூட்டம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பில் புத்தகத்திலும் பைகளிலும் இப்போது நமது சொந்த விலாசத்தையே அச்சடித்திருக்கிறோம். வாடிக்கைக்காரரின் எண்களைக் கேட்டு வாங்கி நீள நோட்டில் எழுதி வருகிறோம். வலைப்பெயருக்குப் பணம் கட்ட வேண்டிய தேதி, பெட்டியடிக்கு மேலே தொங்கும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறது.