எலும்பு அல்ல, இரும்பு

பேராக், பகாங், சிலாங்கூர் பகுதிகளில் மண்ணைத் தோண்டியபோது நீண்ட, துருவேறிய இரும்புக் கருவிகள் சில கிடைத்தன. ஒரு முனையில் மரப்பிடி செருகும் குழி, மறுமுனையில் வெட்டும் அலகு. கிராமத்து மலாய்க்காரர்கள் இவற்றைத் ‘துலாங் மாவாஸ்’ என்றார்கள். மாவாஸ் என்ற பெரிய குரங்கின் எலும்பு என்பது பொருள். அதன் முன்கை இரும்பாலானது என்று கதை உண்டு. உண்மையில் இவை ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் இங்கு வாழ்ந்தவர்களின் கருவிகள்.

அதற்கும் முன்னே இங்கிருந்த விவசாயிகளிடம் உலோகம் இல்லை. கெலந்தானில் உள்ள குவா சா குகையில், சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களோடு வழவழப்பாகத் தீட்டிய கல் வாய்ச்சிகளையும் மண்பாண்டங்களையும் புதைத்திருந்தார்கள்.

கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று வரிசையாகப் படித்திருப்பீர்கள். தீபகற்பத்தில் அந்த வரிசை சரியாக அமையவில்லை. வெண்கலமும் இரும்பும் இங்கு ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்ந்தன. ஏன்?

வெண்கலம் ஓர் உலோகக் கலவை: சுமார் 90 விழுக்காடு செம்பு, 10 விழுக்காடு வெள்ளீயம். செம்பு 1,085 பாகை செல்சியசில் உருகும். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும். இரண்டையும் கலந்தால் செம்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். ஆறிய பின் செம்பைவிடக் கடினமாக இருக்கும். நம் மண்ணில் ஈயத்துக்குப் பஞ்சமில்லை. மலாக்கா சுல்தான்கள் வெள்ளீயத்தில்தான் காசு வார்த்தார்கள். ஆனால் செம்பு அரிது. கூட்டுச் சேர வேண்டிய ஒன்று இல்லாதபோது மற்றொன்று காலடியில் குவிந்திருந்தும் பயனில்லை.

ஆகவே வெண்கலப் பொருள் கடல் வழியாக வந்தது. 1964இல் சிலாங்கூர், கம்போங் சுங்கை லாங்கில் ஒரு மண்மேட்டின் அடியில், மரப்பலகை மீது வைத்த இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. இவை வட வியட்நாமின் டோங் சோன் பண்பாட்டு வகை. இவ்வளவு தொலைவிலிருந்து வந்த முரசைப் புதைப்பதென்றால், சாதாரண ஆளுக்காக இருக்காது.

இரும்பின் கதை வேறு. அது உருக 1,538 பாகை வேண்டும். பழைய கரி உலைகள் அந்த வெப்பத்தை எட்டவில்லை. எட்டத் தேவையும் இல்லை! கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். சுமார் 1,200 பாகையில் கசடு உருகி வழிய, பஞ்சு போன்ற இரும்புக் கட்டி மிஞ்சும். அதைக் காய்ச்சி அடித்தால் கருவி தயார். வேதியியலில் நீங்கள் படிக்கும் ஆக்சிஜன் நீக்கம் இதுதான்.

இந்த வேலை நடந்த இடத்தைக் கெடாவில் பார்க்கலாம். பூஜாங் பள்ளத்தாக்கை அடுத்த சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டத்துக்குள், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழாய்வு செய்தார்கள். உலைகள், கசடுக் குவியல்கள், துருத்திக் காற்றை உள்ளே செலுத்திய ஏராளமான களிமண் குழாய்கள் வெளிவந்தன. இதன் தொடக்கம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை செல்லும் என்கிறது ஆய்வுக்குழு. அவ்வளவு முந்தையதல்ல என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு.

பேராக்கின் சிலிம், சுங்கை, பெர்ணம் வட்டாரத்தில் கற்பலகைகளைப் பெட்டிபோல் அடுக்கிய கல்லறைகள் உள்ளன. அவற்றில் இரும்புக் கருவிகளோடு சூதுபவள மணிகளும் கண்ணாடி மணிகளும் இருந்தன. தமிழ்நாட்டிலும் கற்பலகைக் கல்லறைகள் உண்டே, அப்படியானால் இவர்கள் நம்மவர்களா என்று வகுப்பில் உடனே கை உயர்கிறது. அவசரப்படாதீர்கள். மணி கப்பலேறி வரலாம். அதை அணிந்தவரும் கூடவே வந்தார் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, வீடமைப்புப் பணிக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடிக்கப்பட்டது. மறுநடவுக்கோ கால்வாய்க்கோ மண்ணைப் புரட்டும் எந்தத் தோட்டத்திலும் பழைய பொருள் தலைகாட்டலாம். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, கண்டெடுத்தவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். துருவைச் சுரண்டிக் கழுவாதீர்கள். ஒட்டியிருக்கும் கரித்துண்டை வைத்துத்தான் கார்பன் 14 முறையில் வயதைக் கணிக்கிறார்கள். அதன் அருகில் என்ன கிடந்தது, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதும் தேவை. அதனால் இருந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் காட்டுங்கள்.