பிசின் தரும் பாக்டீரிய ரகங்களைச் செம்மைப்படுத்துதல்

முட்டைக்கோசுத் தோட்டங்களில் இலையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சள் நிறம் பரவி, நரம்புகள் கறுத்துப் போகும் நோயைக் களப் பணியாளர் நன்கறிவர். கருப்பழுகல் என வழங்கும் இந்நோயை விளைவிப்பது ஸாந்தோமோனாஸ் காம்பெஸ்ட்ரிஸ் என்னும் பாக்டீரியாவாகும். இது தன்னைச் சுற்றி வழவழப்பான பிசின் ஒன்றைச் சுரந்துகொள்கிறது. பயிருக்குப் பகையான இவ்வுயிரே இன்று ஒரு பெருந்தொழிலுக்கு ஆதாரமாக விளங்குகிறது.

அமெரிக்க நாட்டில் பியோரியா நகரிலுள்ள வேளாண்மைத் துறை ஆராய்ச்சிச்சாலையில், அலீன் ஜீன்ஸ் அம்மையாரும் உடன் பணியாற்றியோரும் 1950-களில் பாக்டீரியாக்கள் தரும் பிசின்களை ஆராய்ந்தனர். அங்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற பி-1459 என்னும் ரகமே ஸாந்தன் பிசின் தொழிலுக்கு அடிகோலியது. 1960-களில் ஆலை உற்பத்தி தொடங்கியது. 1969-இல் உணவுப் பொருள்களில் சேர்க்க அந்நாடு அனுமதி அளித்தது.

கொத்தவரை விதையின் பசையும் வேலம்பிசினும் மழையையும் பருவத்தையும் நம்பியவை. பாக்டீரியப் பிசினோ சர்க்கரைக் கரைசலில் சில நாட்களில் விளைவது. நூறு பங்கு நீரில் ஒரு பங்கு ஸாந்தனைக் கரைத்தாலே அது கெட்டியான கூழாகிவிடும். கலக்கும்போதும் ஊற்றும்போதும் இளகும். நிறுத்தியவுடன் மீண்டும் இறுகும். குழம்புவகைகளில் துகள்கள் அடியில் படியாமல் நிற்பதற்கும், எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக் கலவை பாறைத் துணுக்குகளை மேலே சுமந்து வருவதற்கும் இக்குணமே காரணம்.

இத்தகைய பாக்டீரியாவின் விளைச்சலை மிகுவிக்க முதலில் கையாளப்படுவது திடீர்மாற்ற முறையாகும். புற ஊதாக் கதிர்களையோ சில இரசாயனப் பொருள்களையோ செலுத்தினால் பெரும்பாலான உயிரணுக்கள் மடியும். பிழைத்தவற்றுள் சிலவற்றின் மரபு மாறியிருக்கும். அவற்றை அகார்த் தட்டுகளில் பரப்பி, தனித்தனிக் காலனிகளாக வளர்த்து, பளபளப்பாய்ப் பருத்தவற்றைப் பொறுக்குவர். ஆனால் தோற்றம் முதற்குறியே. பொறுக்கியதைக் குடுவையில் வளர்த்து, பிசினைச் சாராயத்தால் வீழ்படிவாக்கி எடைபோட்டு, அதன் பாகுத்தன்மையையும் அளந்த பின்னரே ஒரு ரகத்தை நல்லதெனக் கூற இயலும். ஆயிரக்கணக்கான காலனிகளில் ஒன்றிரண்டே தேறுவது வழக்கம்.

தேறிய ரகத்தைக் காப்பது, அதனைக் கண்டெடுப்பதைவிடக் கடினம் எனலாம். பிசின் சுரத்தல் பாக்டீரியாவுக்குச் செலவு; மண்ணிலும் இலையிலும் அச்செலவு அதற்குப் பயன் தருகிறது. உலர்ச்சியிலிருந்து காக்கும் போர்வையாகப் பிசின் உதவும். சத்து நிறைந்த குடுவையிலோ அப்போர்வைக்குத் தேவையில்லை. ஆகவே பிசினைக் குறைத்துக்கொண்ட மாறுபாடு ஒன்று தோன்றினால், அது விரைந்து பெருகி மற்றதை மூழ்கடித்துவிடக் கூடும். பி-1459 ரகத்தையே அடுத்தடுத்துப் புதிய ஊடகங்களுக்கு மாற்றி வந்தபோது பெரிய காலனிகளுக்கிடையே சிறிய காலனிகள் தோன்றியதை 1970-களில் பியோரியா ஆய்வாளர் விவரித்தனர். சிறியவை தந்த பிசின் அளவிலும் குறைவு, பாகிலும் குறைவு. அதிலிருந்த பைருவிக் அமிலமும் குறைவு. விதைப் பண்ணையில் கலவன்களைக் களையாமல் விட்டால் நேர்வதற்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிது.

எனவே ஆலைகள் விதைத் துறையின் ஒழுங்கையே பின்பற்றுகின்றன. மூலவளர்ப்பினை உறையவைத்து உலர்த்திக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வைப்பர். அதிலிருந்து பணிவளர்ப்புகள் எடுக்கப்படும்; தொட்டிக்குச் செல்வது பணிவளர்ப்பின் சில தலைமுறைகளே. நம் நாட்டில் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய வளர்ப்புத் தொகுப்பொன்றைப் பேணி வருகிறது.

பின்னர் மரபணு அறிவு வளர்ந்தது. ஸாந்தனின் முதுகெலும்பு, பருத்தி நாரிலுள்ள செல்லுலோஸைப் போன்ற குளுகோஸ் சங்கிலி. அதில் ஒன்றுவிட்டு ஒன்றில் மூன்று சர்க்கரைகள் கொண்ட கிளை தொங்குகிறது. இதைக் கட்டும் பன்னிரண்டு மரபணுக்கள் குரோமோசோமில் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றைச் செயலிழக்கச் செய்து கிளையைக் குறுக்கலாம். கிளை நுனியிலுள்ள அமிலத் தொகுதிகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். பாகு மாறுவதால் பயனும் மாறும்.

பிசினின் அளவைக் கூட்டுவதற்கோ ஓர் எல்லை உண்டு. லிட்டருக்கு இருபது முதல் முப்பது கிராம் பிசின் சேர்ந்ததும் தொட்டியிலுள்ள கரைசல் களிபோல் ஆகிவிடும். காற்றுக் குமிழிகள் அதில் பரவா. பாக்டீரியா தான் சுரந்த பிசினிலேயே மூச்சுத் திணறும். இந்நிலையில் இன்னும் மிகுதியாய்ச் சுரக்கும் ரகத்தைத் தேடுவதில் பயன் சிறிதே. மலிவான தீனியை உண்ணும் ரகமே இலாபம் தரும். பாலாடைக்கட்டி செய்தபின் வடியும் நீரில் பால்சர்க்கரை உண்டு. ஆயினும் இப்பாக்டீரியா அதனைச் செரிப்பதில் மிக வலுக்குன்றியது. ஆதலால் வேறொரு பாக்டீரியாவின் செரிமான மரபணுவை இதனுள் புகுத்தி 1980-களில் சோதித்தனர். பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் ஏற்றிய மரபணு சில தலைமுறைகளில் நழுவிவிடக் கூடும். குரோமோசோமிலேயே பதித்தால் நிலைக்கும்.

நொதித்தல் முடிந்ததும் கரைசலைச் சூடேற்றிப் பாக்டீரியாவைக் கொன்ற பின்னரே பிசினைப் பிரித்தெடுப்பர். எத்துணைச் செம்மைப்படுத்தினும் அது கோசுப் பயிரின் நோய்க்கிருமியே; கழிவுநீர் உயிரோடு வெளியேறி அயலிலுள்ள காய்கறித் தோட்டத்தை அடைய விடலாகாது.