தெளிந்த நீரும் தூய நீரும்

மாணவர்களே, உங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் உட்புறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சில வீடுகளில் அது பளபளப்பாக இருக்கும். சில வீடுகளில் அடியில் வெள்ளையாக ஏடு படிந்திருக்கும். அந்த ஏட்டைக் கண்டதும் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அஞ்சி, விலை உயர்ந்த வடிகட்டியை வாங்குபவர்கள் உண்டு. ஆனால், பார்வைக்குத் தெளிவாக இருக்கும் ஓடைநீரை அப்படியே அருந்த அவர்களே தயங்குவதில்லை. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை அறிய, நீரின் இரண்டு தன்மைகளை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கடினத்தன்மை, மற்றொன்று தூய்மை.

மழைநீர் மென்மையானது. அது மண்ணிலும் பாறையிலும் ஊடுருவும்போது அங்குள்ள கால்சியம், மெக்னீசியம் ஆகிய தாதுகளைக் கரைத்துக்கொள்கிறது. இத்தாதுகள் மிகுந்த நீரைக் கடினநீர் என்கிறோம். கடினநீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. அந்நீரைக் கொதிக்க வைத்தால், கரைந்திருந்த கால்சியத்தில் ஒரு பகுதி பிரிந்து பாத்திரத்தில் படியும். நாம் கண்ட வெள்ளை ஏடு அதுதான்.

நீர் எந்தப் பாறையைத் தொட்டு வருகிறதோ அதற்கேற்பக் கடினத்தன்மை மாறும். இதற்குக் கெடா மாநிலமே நல்ல எடுத்துக்காட்டு. அலோர் ஸ்டார் அருகே நெல்வயல்களுக்கு நடுவே நிற்கும் கெரியாங் மலையும், பாலிங் நகரை ஒட்டி உயர்ந்து நிற்கும் பாலிங் மலையும் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. இத்தகைய மலைகளின் அடிவாரத்து ஊற்றுகளிலும் கிணறுகளிலும் கடினநீர் கிடைப்பது இயல்பு. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையிலோ மணற்கல் வகைப் பாறைகளும் கருங்கல்லும் மிகுதி. அவை எளிதில் கரைவதில்லை. ஆகவே, அங்கிருந்து இறங்கும் ஓடைநீர் பொதுவாக மென்னீராகவே இருக்கும்.

கடினத்தன்மையை அளக்க முடியும். ஒரு லிட்டர் நீரில், கால்சியம் கார்பனேட் அளவில் கணக்கிட்டால், 60 மில்லிகிராம் வரை இருந்தால் அது மென்னீர். 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிகக் கடினநீர். மலேசியக் குடிநீர்த் தர அளவீடு 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. உடல்நலத்தைக் காரணம் காட்டி உலகச் சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு எந்த வரம்பும் விதிக்கவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் உடலுக்குத் தேவையானவையே. கடினநீரால் சவர்க்காரமும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும்; அதற்காக அது அசுத்தமான நீர் ஆகிவிடாது.

இனி, தூய்மையைப் பார்ப்போம். முற்காலத்தில் தோட்டப்புற லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலர் கிணற்றையும் ஓடையையும் நம்பியிருந்தனர். கிணற்று நீர் கண்ணாடிபோல் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால், அருகிலுள்ள கழிப்பிடத்தின் கசிவு அதில் கலந்துவிட்டால் வாந்திபேதியும் வயிற்றுக்கடுப்பும் லயம் முழுவதும் பரவும். காரணமான கிருமி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி பாட்டிமார் வற்புறுத்தியது இதனால்தான். குழாய் நீர் பின்னர் தொழிலாளர் உரிமையாகவே ஆனது. தொழிலாளர்களுக்கு வீடு தரும் தோட்ட முதலாளி இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய் நீர் வழங்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் கூறுகிறது.

அந்தக் குழாய் நீர் எங்கிருந்து வருகிறது? தெற்குக் கெடாவுக்கு மூடா ஆறே முதன்மையான நீராதாரம். உலு மூடா காட்டில் பிறக்கும் இந்த ஆறு, சீக் வட்டாரத்தைக் கடந்து, கோல கெட்டிலில் கெட்டில் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடிக் கடலில் கலக்கிறது. பினாங்கு மக்களும் தங்கள் நீர்த் தேவையில் பெரும்பகுதிக்கு இந்த ஆற்றையே நம்பியிருக்கின்றனர்.

ஆற்று நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பல படிகளைக் கடக்கிறது. முதலில் படிகாரம் போன்ற பொருளைச் சேர்ப்பர். நுண்ணிய மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துக் கீழே படியும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கலங்கிய நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையில் தேய்ப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான். பின்னர், நீரை மணல் வழியாக வடிகட்டி, கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலப்பர். நீரில் சேறு மிகுந்தால் இந்த வேலை கடினமாகும். ஏனெனில், மண்துகள்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எளிதில் எட்டாது. கலங்கல் எல்லை மீறினால், நிலையம் நீர் எடுப்பதையே நிறுத்த நேரிடும்.

2022-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் பகுதியில் கனமழையால் பெருவெள்ளம் ஏற்பட்டது. மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளும் உருண்டு வந்தன. மூன்று உயிர்கள் பறிபோயின. அந்தப் பகுதியின் நீர் கெட்டில் ஆற்றில் சேர்ந்து மூடா ஆற்றை அடைகிறது. மலைக்காட்டின் மண் ஆற்றில் இறங்கினால், பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சமையலறைக் குழாயும் அதன் விளைவை உணரும்.

'வெளுத்ததெல்லாம் பாலல்ல' என்பது பழமொழி. நீருக்கும் அது பொருந்தும். குழாயைத் திறந்ததும் நீர் பால்போல் வெண்மையாக இருந்தால், ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து ஓரிரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக்குமிழி, அஞ்ச வேண்டாம். நீர் பழுப்பாக வந்தால், குழாயின் துருவோ மண்ணோ கலந்திருக்கலாம். தெளியும்வரை அதைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள். வெள்ளைச் சட்டையையும் துவைக்காதீர்கள். நிறம் மாறாவிட்டால் நீர் விநியோக நிறுவனத்திடம் தெரிவியுங்கள். பாத்திரத்தில் ஏடு படிந்தால், சிறிது புளிக்காடியை ஊற்றி ஊற வைத்துக் கழுவினாலே போதும்.

வெள்ளை ஏடு பாறையின் கதையைச் சொல்கிறது. பழுப்பு நீர் குழாயின் கதையையோ ஆற்றின் கதையையோ சொல்கிறது. கிருமியோ எதையும் சொல்லாமல் வருகிறது. ஆகவே, கண்ணை மட்டும் நம்பாமல், நீர் வந்த வழியை அறிந்துகொள்வதே அறிவுடைமை.

சிந்தித்து விடை கூறுக:
1. கடினநீரும் அசுத்தமான நீரும் ஒன்றல்ல என்பதை இரண்டு சான்றுகளுடன் விளக்குக.
2. உலு மூடா காட்டைப் பாதுகாப்பது நகர மக்களுக்கும் ஏன் முக்கியம்?