வாலடைல்: ஒரு சொல், ஐந்து தவறான நம்பிக்கைகள்

பங்குச்சந்தைச் செய்தி, வேதியியல் பாடம், கணினி வகுப்பு என எங்கும் தலைகாட்டும் ஆங்கிலச் சொல் ‘வாலடைல்’. அகராதியில் முதலில் கிடைக்கும் ‘நிலையற்ற’ என்பதை எடுத்து எல்லா இடத்திலும் பொருத்திவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நம்பிக்கை: எரிமலையைக் குறிக்கும் ‘வால்கேனோ’விலிருந்து வந்த சொல் இது.

உண்மை: ஒலிதான் ஒத்திருக்கிறது, உறவு இல்லை. வால்கேனோ, ரோமானியரின் நெருப்புக் கடவுளான வல்கனின் பெயரிலிருந்து பிறந்தது. வாலடைலின் வேர், ‘பறத்தல்’ என்னும் பொருளுள்ள லத்தீன் வினைச்சொல். நம் ஊர்த் திடல்களில் ஆடும் வாலிபாலின் ‘வாலி’யும் அதே வேரில் கிளைத்ததுதான்.

நம்பிக்கை: வாலடைல் திரவம் என்றால் தீப்பற்றும் திரவம்.

உண்மை: எளிதில் ஆவியாகும் என்பது மட்டுமே பொருள். பெட்ரோல் ஆவியாகும், தீயும் பற்றும். குளோரோஃபார்ம் 61 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், ஆனால் எளிதில் தீப்பற்றாது. விளக்கில் நின்று எரியும் நல்லெண்ணெயோ கிண்ணத்தில் வைத்தால் ஆவியாகிப் போவதில்லை. பொடித்த ஏலக்காயைத் திறந்து வைத்தால் மணம் குறைகிறதே, அங்கே பறந்து போவது அதன் வாலடைல் எண்ணெய்.

நம்பிக்கை: சந்தை வாலடைல் என்றால் விலை சரிகிறது.

உண்மை: விலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதற்கான அளவு அது. திசையைச் சொல்லாது. தேசியப் பங்குச்சந்தை 2008-இல் கொண்டுவந்த ‘இந்தியா விக்ஸ்’ குறியீடு, அடுத்த 30 நாட்களில் நிஃப்டி பங்குக் குறியீடு எவ்வளவு ஆடக்கூடும் என்ற எதிர்பார்ப்பைக் காட்டுகிறது. மேலா கீழா என்பதை அது சொல்வதில்லை. சரியான தமிழ் ‘ஏற்ற இறக்கம்’.

நம்பிக்கை: வாலடைல் மெமரி என்றால் பழுதான நினைவகம்.

உண்மை: பழுதல்ல, கணினியின் ‘ரேம்’ நினைவகம் வாலடைலாகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை அழியும். அதற்கு ஈடாகக் கிடைப்பது வேகம். சேமிக்காமல் விட்ட கட்டுரை மின்வெட்டில் காணாமல் போவதும், பென்டிரைவில் போட்டு வைத்தது தங்குவதும் இந்த வேறுபாட்டால்தான்.

நம்பிக்கை: ‘நிலைமை வாலடைலாக இருக்கிறது’ என்றால் கலவரம் வெடித்துவிட்டது.

உண்மை: எந்நேரமும் மாறலாம், வெடிக்கவும் கூடும் என்பதே பொருள். நடக்கக்கூடியதை நடந்ததாக எழுதினால், செய்தியே பதற்றத்தைக் கூட்டிவிடும்.

ஆய்வகத்தில் எளிதில் ஆவியாகும், சந்தையில் ஏற்ற இறக்கமுள்ள, ரேமில் மின்சாரத்தோடு அழியும், தெருவில் பதற்றமான. ஒவ்வோர் இடத்துக்கும் தமிழில் சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்போரே, செய்தி எழுதுவோரே, ‘நிலையற்ற’ என்று எழுதுமுன் அங்கே மாறுவது எது என்று ஒருமுறை கேளுங்கள். சரியான சொல் தானே வந்து நிற்கும்.