உமரிக்கீரை வளர்ப்பு

நெல்லும் விளையாத, புல்லும் முளையாத உவர் நிலத்தில் எதைப் பயிரிடுவது என்று கடலோர அங்கத்தினர் பலர் வினவுகின்றனர். அந்நிலத்தில் தானே முளைத்து நிற்கும் உமரியை அவர்கள் களையென்று பிடுங்கி எறிகின்றனர். அது நல்ல கீரையாகும்.

உமரி என்னும் பெயரால் இருவகைச் செடிகள் வழங்குகின்றன. ஒன்று ஊசி போன்ற சதைப்பற்றுள்ள இலைகளை உடையது. மற்றொன்று இலையின்றிக் கணுக்கணுவாகத் தண்டே சதைத்து நிற்பது. பிச்சாவரம், வேதாரணியம் பக்கத்துக் கழிக்கரைகளில் இரண்டையும் காணலாம். இங்கே கூறுவது முதல் வகையைப் பற்றியே.

நெசவாளருக்கும் இச்செடி அந்நியமன்று. செயற்கைச் சாயங்கள் பரவுவதற்கு முன், நூலுக்குச் சிவப்புச் சாயமேற்றுவோர் எண்ணெயும் காரநீரும் கலந்து அதில் நூலைப் பலமுறை ஊறவைத்து உலர்த்துவர். அக்காரத்திற்கு உமரியைச் சுட்டெடுத்த சாம்பல் பயன்பட்டது.

வளர்ப்பில் அறியவேண்டிய முதல் உண்மை யாதெனில், உமரி உப்பில் வளரும். ஆயினும் அதன் விதை நன்னீரிலேயே நன்கு முளைக்கும். யான் இதனை அறியாது, உப்புச் செடிதானே என்று முதலாண்டு கழிநீரையே தெளித்துப் பாத்தி முழுவதையும் இழந்தேன். ஆகையால் வடகிழக்குப் பருவமழை தொடங்கி மேல்மண்ணின் உப்புக் கரைந்து இறங்கிய பின்னர் விதைக்க வேண்டும். விதை மிகச் சிறிது; மணலுடன் கலந்து தூவி, மண்ணால் மூடாமல் கையால் மெல்ல அழுத்தினாற் போதும். நாற்று விரலளவு உயர்ந்ததும் சிறிது சிறிதாக உப்பு நீருக்குப் பழக்கலாம். கடல்நீரின் உப்பில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை இருப்பின் செடி செழிக்கும். உப்பே இல்லையெனில் மெலிந்து போகும்.

பூக்கும் முன்னர் இளந்தளிரை மட்டும் கிள்ளுக. வேருடன் பிடுங்கினால் அடுத்த ஆண்டுக்கு விதையில்லை. பாத்தியில் நாலிலொரு பங்கையேனும் முற்ற விடவேண்டும். தொழிற்சாலைக் கழிவும் இறால் பண்ணை நீரும் சேருமிடத்துக் கீரையைத் தொடவே வேண்டாம். மண்ணிலுள்ள நஞ்சையும் இச்செடி உறிஞ்சிக்கொள்ளும்.

சமைக்கும்பொழுது தளிரை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுக. இருமுறை செய்தல் நன்று. பிறகு பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துத் தாளிக்கலாம். உப்புச் சேர்க்க வேண்டுவதில்லை. இரத்தக் கொதிப்பும் சிறுநீரக நோயும் உடையோர் இதனைத் தவிர்ப்பதே முறை.

2004 டிசம்பர் 26இல் நாகப்பட்டினக் கடலோர வயல்களில் கடல்நீர் புகுந்தது நினைவிருக்கும். அத்தகைய நிலத்தை உமரி திருத்திவிடும் என்று சிலர் கூறுவது மிகை. அறுத்து வெளியேற்றிய செடியோடு ஓரளவு உப்பு நீங்கும் என்பது மெய்யே. அங்கேயே மடிந்து மக்கினால் அவ்வுப்பு மேல்மண்ணுக்கே திரும்பும். மழைநீரைத் தேக்கி வடித்தலே முதன்மையான வழி. நல்ல வயலுக்கு உப்பு நீர் பாய்ச்சி உமரி வளர்க்க ஒருவரும் முற்பட வேண்டா. ஏற்கெனவே உவர்பட்ட ஓரங்களே அதற்குரிய இடம்.